வகரத்தின் வயிறு

கோவில்பட்டி பைபாஸில் டயர்க் கடை வைத்திருந்த சுடலைமுத்துவுக்கு ஐம்பத்தைந்து வயதில் எழுத்து வரையும் ஆசை வந்தது. ஆசை என்ன ஆசை, தவிப்பு.

"இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று மகள் செண்பகத்தைப் பார்த்துத் தெருவே கேட்கக் கத்தியவர் அவர்தான். போனவள் போனவள்தான். போன் போட்டாலும் எடுப்பதில்லை. ஆனால் காலையில் மில் பஸ்ஸில் அவர் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள். கடைச் சுவரில் பெரிதாக எழுதிவைத்தால் பார்க்காமலா போய்விடுவாள்?

குரு ரோஸ்லின், அவரைவிட இருபது வயது இளையவள். கடைப் பலகைகளுக்கென்றே, கொக்கியும் குஞ்சமும் இல்லாத ஒரு தடித்த எழுத்தை உருவாக்கியவள். அந்த எழுத்தைத்தான் அவளிடம் கற்றுக்கொண்டார்.

கற்ற கையோடு, தன் பக்க நியாயம் முழுவதையும் சுவர் நிறைய எழுதித் தள்ளிவிட்டார் மனிதர். ரோஸ்லின் அவரைக் கடை வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள். கடை வந்தது, போனது.

"என்ன படிச்சீங்க, அண்ணாச்சி?"

"பஸ் போற வேகத்துல ஒண்ணும் ஓடலை டீச்சர். எழுதின எனக்கே ஓடலை."

"இந்த எழுத்துக்கு வழவழன்னு பேச வராது. ஒரு வார்த்தையை நல்லாத் தாங்கும். உங்ககிட்ட ஒரு வார்த்தை இருக்கா?"

இருந்தது. சுவரை வெள்ளையடித்துவிட்டு 'வா' என்று மட்டும் எழுதினார். மில் பஸ் நிற்காமல் போனது. இன்னும் கொஞ்சம் தடித்தால் கண்ணில் படும் என்று கருப்பை ஏற்றினார். அப்போதும் நிற்கவில்லை. மறுபடி ஏற்றினார். ஏற்றி ஏற்றி, வகரத்தின் வயிறே, அந்தச் சுழிக்குள் இருந்த வெள்ளை இடமே, அடைத்துப்போனது. தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் தார் அப்பியதுபோல இருந்தது.

"இன்னும் தடிமனாக்கவா டீச்சர்? பிள்ளை முகத்தைப் பார்க்காம எனக்குச் சோறு இறங்கமாட்டேங்குது."

"வெள்ளை பெயின்ட் இருக்கா?"

"கடைக்குப் பின்னாடி வீட்டுல, செண்பகம் ரூம்ல கிடக்கு. இருங்க, எடுத்துட்டு வாறேன்."

எடுக்கப் போனவர் லேசில் திரும்பவில்லை. மகள் வீட்டைவிட்டுப் போன அதே வாரத்தில் அந்த அறையில் பழைய டயர்களைக் கூரை முட்ட அடுக்கிவிட்டிருந்தார். ரோஸ்லின் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். டயர்களுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் கரியாக, டப்பாவோடு அவர் வெளியே வந்தார்.

அவள் வகரத்தின் வயிற்றுக்குள் வெள்ளையைத் தீட்டத் தொடங்கினாள். தாராளமாகவே தீட்டினாள். சுடலைமுத்துவுக்கு மனசு பதறியது.

"நான் வச்ச கருப்பு பாதி போயிடுச்சே. உள்ளே எதுக்கு டீச்சர் இம்புட்டு இடம்?"

ரோஸ்லின் பிரஷ்ஷைத் துடைத்தாள். ஒரு தரம் எழுத்தைப் பார்த்தாள். ஒரு தரம் அந்த அறை இருந்த பக்கம் பார்த்தாள்.

"உள்ளே அடைச்சு வச்சுக்கிட்டு வான்னு கூப்பிட்டா, வர்ற பிள்ளை எங்கே நிக்கும் அண்ணாச்சி?"

சுடலைமுத்து செண்பகத்தின் அறைக்குள் போய் முதல் டயரை வெளியே உருட்டிக்கொண்டு வந்தார்.