நாலாவது குடம்

"இந்த மணி பொய் சொல்லுது, தாயே. உடைச்சு உருக்கப் போறேன்."

சொன்னவர் சொரிமுத்து ஆசாரி. கேட்டுக்கொண்டிருந்தவர் குன்றின்மேல் இருந்த மடத்தின் தலைவி பூரணத்தாய். ஆசாரியின் கடைசி மகளுடைய வயசுதான் அவருக்கு இருக்கும். ஆனாலும் ஆசாரி அவரைத்தான் குருவென்று கும்பிட்டு வந்தார்.

மணி வார்க்கிற விஷயத்தில் மட்டும் ஆசாரிக்கு யாரும் குரு கிடையாது. அதையும் அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார்.

மடத்துக்கென்று அவர் வார்த்த மணி முற்றத்தில், மரச்சட்டத்தில் தொங்கியது. விடிந்தால் கோபுரத்தில் ஏற்ற வேண்டும்.

பூரணத்தாய் எழுந்துபோய் ஒரு தட்டுத் தட்டினார்.

கனத்த, கம்பீரமான சுரம். மடத்தில் காலைப் பாட்டுக்குப் பிடிக்கிற அதே சுரம். முற்றம் நிறைய நின்று, மெல்ல மெல்ல அடங்கியது.

"நல்லாத்தானே இருக்கு, ஆசாரி."

"அதுதான் என் வயித்தெரிச்சல்."

ஆசாரி நாலு குடங்களை வரிசையாக வைத்தார். எல்லாம் வாய் குறுகியவை. அவர் வீட்டில் தலைமுறையாக ஒரு வழக்கம்: மணியைக் காதால் மட்டும் நம்பமாட்டார்கள். குடத்தில் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொன்றையும் ஒரு சுரத்துக்குப் பக்குவம் பண்ணுவார்கள். பிறகு மணியைத் தட்டிவிட்டுக் குடத்து வாயில் காதை வைப்பார்கள். அந்தச் சுரம் மணிக்குள் இருந்தால் குடம் முனகும். இல்லையென்றால் கம்மென்று இருக்கும்.

"காதை வச்சுப் பாருங்க, தாயே."

பூரணத்தாய் குனிந்தார். ஆசாரி மணியைத் தட்டினார்.

முதல் குடம் முனகியது. இரண்டாவது முனகியது. மூன்றாவதும். மூன்றும் மேல் சுரங்கள். ஒன்றுகூட மடம் கேட்ட சுரம் இல்லை.

நாலாவது குடம்தான் மடத்துச் சுரத்துக்கு வைத்த குடம். அது வாயே திறக்கவில்லை.

பூரணத்தாய் காதை எடுத்தார். முற்றத்தில் அந்தச் சுரம் தெளிவாகக் கேட்டது. மறுபடி வைத்தார். குடத்தில் ஒன்றுமில்லை.

"குடத்தில் கோளாறோ என்னவோ."

"என் குடத்திலா?" ஆசாரி சிரித்தேவிட்டார். "கேட்டது ஒரு சுரம். நான் குடுத்தது வேற மூணு. இல்லாத சரக்கை இருக்குன்னு சொல்லிக் கட்டிக்குடுத்த மாதிரி ஆச்சு."

"யாராவது குறை சொன்னாங்களா?"

"சொல்லலை. அதுதான் இன்னும் கேவலம். எனக்குத் தெரியுமே. என் கையால செஞ்ச பொய் ஒண்ணு கோபுரம் ஏறாது, தாயே."

சம்மட்டியை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"சரி, உடைச்சிடுங்க," என்றார் பூரணத்தாய். "அதுக்கு முன்னால மூணு பேரைக் கூப்பிடுறேன்."

"உடைக்க ஆள் எதுக்கு? என் கை இன்னும் விழுந்துடலை."

"நீங்க நாலாவது குடத்துகிட்டயே உட்காருங்க. காதை எடுக்கக் கூடாது."

முதலில் மாடு மேய்க்கிற சுடலி வந்தாள். ஒருவர் முனகுவது மற்றவர் காதில் விழாதபடி, மற்ற இருவரையும் பூரணத்தாய் குளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லியிருந்தார். மணியைத் தட்டினார். ஒலி முழுக்க அடங்கும்வரை காத்திருந்தார்.

"இப்ப என்ன கேட்டுதோ, அதைக் குடத்துகிட்ட வந்து முனகு."

"எனக்குப் பாட வராதும்மா. என் பாட்டுக்கு மாடுதான் தலையாட்டும்."

"ஆசாரியை மாடுன்னு நெனைச்சுக்கோ."

சுடலி வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைக் குரலில் முனகினாள்.

நாலாவது குடம் முனகியது.

ஆசாரி திடுக்கிட்டு மணியைப் பார்த்தார். அது எப்போதோ அடங்கிப்போயிருந்தது.

அடுத்து சமையல்கட்டிலிருந்து தவசி வந்தார். மணி. அமைதி. முனகல். குடம் பேசியது.

கடைசியில் தண்ணீர் சுமக்கிற பட்டாணி. அவனுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிவிட்டு முனகினான். அதற்கும் குடம் பேசியது.

"மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?" என்று ஆசாரி அதட்டினார்.

"என்னத்தப் பேசி வைக்க?" என்றார் தவசி. "கேட்டதைத்தானே பாடச் சொன்னாங்க. அடுப்புல பருப்பு கெடக்கு, நான் போகட்டுமா?"

ஆசாரி குடத்திலிருந்து காதை எடுத்தார். மணியைப் பார்த்தார். சுடலியின் முகத்தைப் பார்த்தார். பட்டாணியை, தவசியைப் பார்த்தார்.

பூரணத்தாய் சம்மட்டியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"உடைங்க, ஆசாரி."

ஆசாரி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"எதை உடைக்கச் சொல்றீங்க, தாயே? மணியில இருக்கிற மூணு சுரமும் சேர்ந்து, கேக்கிறவங்க காதுலதான் நாலாவதை எழுப்புது. நான் வார்த்தது இவங்க காதுக்குள்ள இருக்கே."