டிவிக்குப் போட்ட நாற்காலிகள்

ஆசானிடம் பெல்லார்மின் ஒரே ஓர் உதவிதான் கேட்டான். தம்பி பொய் சொல்கிறான் என்று நிரூபித்துத் தர வேண்டும்.

ஆசானின் பெயர் விர்ஜினி. நாகர்கோவிலில் ஐந்து பேர் சேர்ந்து ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிற அணிக்கு அவள்தான் தலைவி. அணியில் எல்லோருக்கும் இளையவள். பேச்சும் குறைவு. அடிமுறைச் சண்டைக் கலை கற்றுத் தருபவரை ஆசான் என்று அழைக்கிற ஊர் அது. கேலிக்காகத்தான் அவளை முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள். அவள் சொன்ன இடத்தில் நின்றவர்கள் பிழைத்தார்கள். சொல் கேளாதவர்கள் முதல் நிமிடத்திலேயே செத்து விழுந்தார்கள். கேலி தானாகக் கழன்றுபோய், பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பெல்லார்மின் அவளைவிடப் பத்து வயது மூத்தவன். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. எந்த வீட்டில் போன தடவை எவ்வளவு ஓடியது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வான்.

“என்ன பொய்?” என்று கேட்டாள் ஆசான்.

“டிவியப் போடலைன்னு சொல்லுதான். போடுதான். கேம் விக்கி விக்கி நிக்குதே ஆசானே, அதைவிட என்ன சாட்சி வேணும்?”

தம்பி டைட்டஸ் மஸ்கட்டிலிருந்து திரும்பியதும் பாதிச் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கி ஹாலில் மாட்டினான். அது வீட்டு வைஃபையில் சேர்ந்த கொஞ்ச நாளில் பெல்லார்மினின் கேம் விக்கத் தொடங்கியது. ஓடுகிற எதிரி பாதிக் காலைத் தூக்கியபடி உறைந்து நிற்பான். மறுபடி அவன் அசையும்போது பெல்லார்மின் தரையில் கிடப்பான். நெட் வேகத்தில் குறை எதுவும் இல்லை. அண்ணன் சத்தம் போட்டான். தம்பி டிவியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

விக்கல் நிற்கவில்லை.

அப்படியானால் மாடியில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறான் என்று அண்ணன் முடிவு கட்டினான். கேம் விக்கும்போதெல்லாம் படிக்கட்டின் கீழே நின்று, “லேய், அணைலே அத!” என்று கத்தினான். “போடல” என்று மேலிருந்து பதில் வரும். பிறகு அந்தப் பதிலும் வராமல் போனது. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான். அதில் தம்பி இப்போது வடசேரியில் ரூம் பார்த்துவிட்டான். இன்று சாயங்காலம் குடிபோகிறான்.

“போறதுக்குள்ள அவன் ஒத்துக்கிடணும்” என்றான் பெல்லார்மின்.

“ஒத்துக்கிட்டா?”

“போகாண்டாம்லே, இங்கயே கிடன்னு சொல்லிருவேன்.”

“ஒத்துக்கிடலைன்னா?”

“பொய்யன எப்படி ஆசானே வீட்டுல வைக்க?”

விர்ஜினி ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

வீட்டு ஹாலில் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் மேசை இருந்தது. மறுமூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. தெருக்காரர்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் இந்த மாதம் இவர்கள் வீட்டில். அதற்காகக் கோயிலிலிருந்து வந்த நாற்காலிகள்.

அவள் கேமைத் திறக்கவே இல்லை. தன்னோடு சேர்ந்த சாதனங்களின் பெயரையெல்லாம் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பக்கத்தைத் திறந்தாள். ஒரு பிரிண்டர் இருந்தது. ஒரு ஹெட்செட் இருந்தது. அதன் கீழே டிவி. அதன் கீழேயும் டிவி. உருட்ட உருட்ட டிவி. எல்லாம் அதே டிவிதான். ஒவ்வொன்றின் வாலிலும் எழுத்தும் எண்ணும் மட்டும் வேறு வேறாக இருந்தன.

திருட்டுக் கரண்ட்டைக் கையும் களவுமாகப் பிடித்தவன் போலப் பெல்லார்மின் துள்ளினான்.

“பாத்தீங்களா! இத்தன தடவ போட்டிருக்கான்! நான் சத்தம் போட்டது பாதிகூட இல்ல!”

“டிவி எங்க இருக்கு?”

“மேல.”

“பாத்துட்டு வருவோம்.”

மாடியில் டைட்டஸ் ஓர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னான்:

“வா விர்ஜினி. கைரேகை எடுக்க வந்தியா?”

“டிவியப் பாக்கணும்ணே.”

“சாமான் ரூம்ல இருக்கு. உன் சிஷ்யன்கிட்ட சொல்லு, வெறுங்கையால தொடாண்டாம். சாட்சி அழிஞ்சிரும்.”

“குசும்பப் பாத்தீங்களா ஆசானே?” என்றான் பெல்லார்மின்.

டிவி பழைய போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது. விர்ஜினி போர்வையை விலக்கினாள். பின்பக்கம் கரண்ட் வயரைச் சொருகுகிற குழி இருந்தது. குழி நிறைய மண். குளவி கூடு கட்டியிருந்தது.

பெல்லார்மின் குனிந்தான். மீட்டர் பெட்டிகளில் தினம் பார்க்கிற கூடு. புதிதாகக் கட்டியது கறுத்து ஈரமாக இருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். இதை அவன் நகத்தால் சுரண்டினான். வெளுத்துப்போன மண், கல் மாதிரி இருந்தது. ஓரத்தில் ஒரு துளை. உள்ளே இருந்த குஞ்சுகூட வளர்ந்து பறந்துபோய்விட்டது.

“குளவி வாடகை தராம இருந்துச்சு” என்றான் டைட்டஸ் அடுத்த அறையிலிருந்து. “ஆனாலும் அத யாரும் ஏசல.”

பெல்லார்மின் போர்வையை எடுத்து டிவியை மறுபடி மூடினான். மூடிய பிறகும் அதன் ஓரங்களைச் சரிசெய்துகொண்டே இருந்தான்.

கீழே வந்ததும் பெல்லார்மின் கேட்டான்.

“அணஞ்சு கிடக்க டிவி எப்படி ஆசானே கேம விக்க வைக்கும்?”

விர்ஜினி நாற்காலி அடுக்கைப் பார்த்தாள்.

“நான் வெளிய போறேன். தட்டுனா யாருன்னு கேளுங்க. புதுப் பேரு சொன்னா ஒரு நாற்காலி போடுங்க. அம்புட்டுதான்.”

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். உடனே தட்டினாள்.

“யாரு?”

“விர்ஜினி.”

அவன் கதவைத் திறந்து ஒரு நாற்காலி போட்டான். அவள் உட்காரவில்லை. வெளியே போய் மறுபடி தட்டினாள்.

“யாரு?”

“குருசப்பன் மவ.”

“நீங்கதான ஆசானே? முன்ன போட்டது சும்மாதான கிடக்கு?”

“பேரு வேறல்லா?”

இன்னொன்று போட்டான். பச்சை ஸ்கூட்டிக்காரி வந்தாள். அதற்கொன்று. மார்க் ஸ்டோர் மாடியில் குடியிருக்கிறவள் வந்தாள். போன போட்டியில் உங்களைச் சாகாமல் காப்பாற்றியவள் வந்தாள். “அத மறக்கமாட்டீங்க போலுக்கே” என்று முணுமுணுத்தபடி அவளுக்கும் போட்டான். முள்ளில்லாத மீன் மட்டும் தின்பவள் வந்தாள். கணக்கில் தோற்றவள் வந்தாள். அடுக்கு குறையக் குறைய அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாசலிலிருந்து மேசைவரைக்கும், படிக்கட்டின் கீழேயும் நாற்காலிகள் நிறைந்தன.

பிறகு தட்டும் சத்தம் நின்றது. அவன் கதவருகே காத்திருந்தான். ஜன்னலுக்கு வெளியிலிருந்து அவள் குரல் வந்தது.

“நான் போயாச்சு. இனி யாரும் வரமாட்டாங்க. போய் கேம் ஆடுங்க.”

பெல்லார்மின் திரும்பினான். மேசைக்குப் போக ஓர் அடி இடமில்லை. ஒன்றைத் தள்ளினால் அது இன்னொன்றில் முட்டியது. முழங்காலில் இடித்துக்கொண்டு, “யம்மா” என்று ஒரு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“சில டிவிக்கு உள்ள கோளாறு இது” என்றாள் விர்ஜினி, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி. “ஓடுத நேரமெல்லாம் கொஞ்ச நேரத்துக்கொரு தடவ புதுப் பேரு சொல்லிக்கிட்டு வைஃபைல வரும். உங்க கம்ப்யூட்டர் மரியாதக்காரன். வந்த பேருக்கெல்லாம் நாற்காலி போட்டான். இப்பவும் ஒவ்வொரு நாற்காலியா போய், ஆளு எங்க, ஆளு எங்கன்னு பாத்துட்டு இருக்கான். அந்த நேரத்துலதான் கேம் விக்குது.”

“டிவி போயாச்சே.”

“டிவி போயாச்சு.”

பெல்லார்மின் நாற்காலிகளைப் பார்த்தபடி இருந்தான்.

பிறகு எழுந்து, நாற்காலிகளின் மேலேயே ஏறி இறங்கி மேசைக்குப் போனான். விர்ஜினி வழி கேட்காமல் அடுக்களைக் கதவு வழியாக உள்ளே வந்து அவன் பின்னால் நின்றாள். முதல் பெயரைத் தொட்டான். நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்றான். அடுத்தது. அடுத்ததற்கும் அது கேட்டது.

“மொத்தமா அழிக்க வழி இல்லியா ஆசானே?”

“இருக்கு.”

“பொறவு?”

“நீங்க கையால அழிங்க.”

அழித்தான். ஒவ்வொரு பெயரை அழிக்கும்போதும் மாடியைப் பார்த்துக் கத்திய ஒரு நாள் நினைவுக்கு வந்தது. எதையும் மறக்காத ஆள் அல்லவா. முதலில் ஒவ்வொரு நாளையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டான். இது கோயில் பெருநாளுக்கு முந்தின நாள், சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் போய்க் கத்தியது. இது டைட்டஸ் காய்ச்சலில் கிடந்த வாரம், அன்றைக்கும் கத்தினான். பாதிக்கு மேல் சொல்வதை விட்டுவிட்டான். ஆம், ஆம் என்று அழுத்திக்கொண்டே போனான். மாடியில் டேப் கிழிபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசிப் பெயரும் போனது. கேட்காமல் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று கம்ப்யூட்டரிடம் ஓர் இடத்தில் சொல்லி வைத்தாள் விர்ஜினி.

“இனி டிவியக் கீழ கொண்டுவந்தாலும்?”

“வந்தா வந்துட்டுப் போகட்டும். இது நாற்காலி போடாது.”

பெல்லார்மின் கேமைத் திறந்தான். எதிரி ஓடினான். மதிலைத் தாண்டினான். எங்கேயும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தான். பெல்லார்மினின் விரல் துப்பாக்கியில் இருந்தது. சுடவில்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு டைட்டஸ் கடைசிப் படிவரை வந்து நின்றான். அவனுக்கும் வாசலுக்கும் நடுவே ஹால் முழுவதும் நாற்காலிகள்.

“என்ன விர்ஜினி, எனக்கு வழியனுப்பு கூட்டமா?” என்றான். “வழிய விடச் சொல்லு. பெட்டி கனக்குது.”

பெல்லார்மின் ஹெட்செட்டைக் கழற்றினான். எழுந்து, ஒரு நாற்காலியை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தான். அதை எடுத்து மற்றொன்றின் மேல் வைத்தான். தம்பியைப் பார்க்கவில்லை. மேசைப் பக்கமிருந்து தொடங்கி அடுக்கிக்கொண்டே வந்தான். ஹால் மெல்ல மெல்லத் திறந்தது. டைட்டஸ் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றான். வாசல்வரை வழி வந்துவிட்டது. அவன் கிளம்பவில்லை.

படிக்கட்டின் கீழே, டைட்டஸின் காலருகே, கடைசியாக ஒரு நாற்காலி மிச்சமிருந்தது. பெல்லார்மின் அதன் முதுகைப் பிடித்தான். பிடித்தவன் தூக்காமல் நின்றான்.

“எல்லாத்தையும் அடுக்கிரவா ஆசானே?”

விர்ஜினி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அது கிடக்கட்டும்ணே. அதுக்கு ஆளு இருக்குல்லா.”