மூளைச் சாறும் ஒச்சப்பன் இறங்கிய கிணறும்

அரைக்கிணத்துப்பட்டி என்று ஓர் ஊர். போன வாரம் வரைக்கும் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதை வேறு எங்கேயும் தூக்கி வைக்காமல் இருந்தால் இன்றைக்கும் இருக்கும்.

அந்த ஊர்ப் பொதுக்கிணற்றில் வருஷத்துக்கு ஒரு தடவை தூர் வாருவார்கள். ஒருவர் உள்ளே இறங்கி மம்பட்டியால் சேற்றை வெட்டிக் கூடையில் போடுவார். நாலு பேர் மேலே நின்று கப்பியில் கயிறு போட்டு இழுப்பார்கள். முன்பெல்லாம் இறங்கி ஏற உள்ளே கல்படி இருந்தது. போன வருஷம் ரொம்பச் சுத்தமாகத் தூர் வாரினார்கள். படியையும் சேர்த்து வாரி வெளியே கொட்டிவிட்டார்கள்.

உள்ளே இறங்குகிறவர் ஒச்சப்பன். அறுபது வயது. மேலே நின்றால் மற்ற நாலு பேர் முகத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கீழே இறங்குகிறவர். பேச்சிமுத்துவின் கல்யாணப் பந்தியில் அவர் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் விட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பந்தி பரிமாறியவர்கள் மொக்கையனும் வீரணனும். பக்கத்து இலையில் உட்கார்ந்து இரண்டு அப்பளம் தின்றவன் தவமணி. மேலே நின்று கயிறு இழுக்கிற நாலு பேர் இவர்கள்தான். ஒருத்தனையும் அவர் மன்னிக்கவில்லை.

தூர் வாருவதற்கு முதல் நாள் டவுனிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் வந்தார். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார்.

“மனுஷன் மூளைக்குள்ளே நாலு விதமான சாறு ஊறுது. டோபமைன், செரட்டோனின்னு அதுக்கெல்லாம் பேர் இருக்கு. எந்தச் சாறு கூடுதலோ அதுதான் அந்த ஆளைப் பிடிச்சு வேலைக்குத் தள்ளுது. ஒருத்தருக்குப் புதுசா ஏதாவது வேணும். ஒருத்தருக்கு எல்லாம் முறைப்படி நடக்கணும். ஒருத்தருக்கு ஜெயிக்கணும். ஒருத்தருக்குப் பாசம் போதும். அவங்கவங்க சாறுக்கு ஒவ்வாத வேலையைச் செய்யாதீங்க.”

பிறகு ஆளுக்குப் பத்துக் கேள்வி கேட்டு, மணிக்கட்டில் ரிப்பன் கட்டினார். மொக்கையனுக்குப் புதுமைச் சாறு, மஞ்சள் ரிப்பன். வீரணனுக்கு ஒழுங்குச் சாறு, நீலம். பேச்சிமுத்துவுக்கு ஜெயிக்கிற சாறு, சிவப்பு. தவமணிக்குப் பாசச் சாறு, பச்சை.

ஒச்சப்பன் முறை வந்தது.

“காலையில் உங்களை எது எழுப்புது ஐயா?”

“அப்பளம்.”

“சாப்பிடணும்னு ஆசையா?”

“வைக்கலையேன்னு கோபம்.”

பத்துக் கேள்விக்கும் அவர் சுற்றி வந்து அப்பளத்தில்தான் நின்றார். கண்ணாடிக்காரர் தாளைப் புரட்டினார், கண்ணாடியைத் துடைத்தார். “உங்க சாறு எங்க புத்தகத்துல இல்லீங்களே” என்று சொல்லி, ரிப்பன் கட்டாமலே அனுப்பிவிட்டார். அன்றைக்கு அப்பளத்தோடு ரிப்பனும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலை வேலை நன்றாகத்தான் நடந்தது. நாற்பது கூடை மேலே போயிற்று. கஞ்சி குடிக்க நாலு பேரும் கை கழுவினார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. சேறு போனதும் மணிக்கட்டில் ரிப்பன் பளிச்சென்று தெரிந்தது, கண்ணாடிக்காரர் சொன்ன சாறும் ஞாபகம் வந்தது.

அதே நேரம் கிணற்றுக்குள் ஊற்றுக்கண் திறந்துகொண்டது. ஒச்சப்பன் கணுக்காலில் இருந்த தண்ணீர், அவர் குனிந்து பார்ப்பதற்குள் முழங்காலுக்கு வந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. கயிற்றை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

“டேய்! ஊத்து பீறிடுச்சு! இழுங்கடா!”

மேலிருந்து மொக்கையன் தலை எட்டிப் பார்த்தது.

“சித்தப்பா, காலையிலேருந்து நாப்பது தடவை இழுத்தாச்சு. அதே கயிறு, அதே கப்பி. இதுல எனக்குப் புதுசா என்ன இருக்கு?”

“அதெல்லாம் கூடைடா! இப்ப ஆளு!”

“கூடையும் கனம், நீங்களும் கனம். சாறு ஊற மாட்டேங்குதே.”

வீரணன் தலை வந்தது. “அண்ணே, முறைன்னு ஒண்ணு இருக்கு. முதல்ல கூடை வரணும். அப்புறம் மம்பட்டி. கடைசியில்தான் ஆளு. மம்பட்டி எங்கே?”

“தண்ணிக்குள்ளே போயிருச்சு!”

“அப்ப நீங்க எப்படி வர முடியும்?”

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பேச்சிமுத்து ரொம்ப யோசித்துவிட்டுக் கேட்டான்: “நாலு பேரும் ஒரே பக்கம் இழுத்தா யாரு ஜெயிச்சதாகும்?”

“எவனாவது ஜெயிங்கடா!”

“எதிராளி வேணுமில்ல மாமா.”

இது நியாயமாகப் பட்டது. பேச்சிமுத்துவும் மொக்கையனும் கயிற்றின் வால்பக்கத்தைப் பிடித்தார்கள். வீரணனும் தவமணியும் கிணற்றுக்குள் தொங்குகிற பக்கத்தைப் பிடித்தார்கள். இழுத்தார்கள். ஒச்சப்பன் இரண்டு முழம் மேலே போனார், இரண்டு முழம் கீழே வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். மோர் கடைகிற மத்துக்கூட அப்படி ஏறி இறங்கியது கிடையாது. ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் ஒவ்வொருத்தன் முகம் தெரிந்தது. எவன் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று இறங்கினாரோ, அவன் முகம்.

“சமம்!” என்று வீரணன் தீர்ப்புச் சொன்னான். நாலு பேரும் கயிற்றை விட்டுவிட்டுக் கை கொடுத்துக்கொண்டார்கள். ஒச்சப்பன் தொப்பென்று விழுந்தார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்திருந்தது.

தவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாவம், மாமாவை இழுத்தா இடுப்பைக் கயிறு அறுத்துடும். அதை என் கையால எப்படிச் செய்வேன்? எவ்வளவு நேரமா கத்துறாரு, தொண்டை காஞ்சு போயிருக்கும்” என்று ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையக் குடிதண்ணீரைத் துணி காயப்போடும் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினான்.

“தண்ணிடா! இங்கே தண்ணிதாண்டா இருக்கு!”

“அது சேத்துத் தண்ணி மாமா. இது வடிகட்டினது.”

ஒச்சப்பனுக்கு வந்த ஆத்திரத்தில் குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்துக் கொட்டினார். வெறும் குடம் மிதந்தது. கழுத்துவரை தண்ணீர் வந்ததும் வேறு வழியில்லாமல் குடத்தைக் கவிழ்த்துக் கட்டிப்பிடித்தார். தண்ணீர் ஏற ஏறக் குடமும் ஏறியது. குடத்தோடு அவரும் ஏறினார். கிணறு வாய் வரைக்கும் நிறைந்தது. ஒச்சப்பன் கரையில் கால் வைத்து, சொட்டச் சொட்ட வெளியே வந்து நின்றார்.

நாலு பேரும் கைதட்டினார்கள்.

“என்னை எவன்டா இழுத்தது?” என்றார் ஒச்சப்பன்.

வீரணன் பொய் சொல்லமாட்டான். “ஒருத்தரும் இழுக்கலைண்ணே. நீங்களா வந்துட்டீங்க.”

ஒச்சப்பன் முகம் கறுத்தது. “நாலு ஆம்பளைங்க மேலே நின்னு, ஒருத்தன்கூட இழுக்கலை. அன்னைக்கு அப்பளம், நேத்து ரிப்பன், இன்னைக்கு இது. இதையும் விட்டுக்கொடுப்பேன்னு நினைச்சீங்களா? நீங்க இழுக்காம நான் வரமாட்டேன்!” என்று சொல்லி, குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுபடியும் கிணற்றில் குதித்தார்.

மொக்கையன் துள்ளினான். “வெளியே வந்த ஆளு திரும்ப உள்ளே போறது இதுவரைக்கும் நடந்ததே இல்லை! புதுசு! நான் இழுக்கிறேன்!”

“அவரு வரமாட்டேங்கிறாரு. இப்ப எதிராளி கிடைச்சாச்சு!” என்று பேச்சிமுத்து கயிற்றைப் பிடித்தான்.

“கூடை, மம்பட்டி எல்லாம் போன தடவையோட முடிஞ்சுபோச்சு. இந்தத் தடவை ஆளு மட்டும்தான் இறங்கினாரு. முறை சரியா இருக்கு” என்றான் வீரணன்.

“கிணறு நிறைஞ்சிருக்கு, கயிறு அறுக்காது” என்று தவமணியும் வந்தான்.

“நிறுத்துங்கடா!” என்று கத்தினார் ஒச்சப்பன். தலை கரைக்கு ஒரு சாண் கீழேதான் இருந்தது. “நீங்க நாலு பேரும் உங்க சாறுக்கு இழுக்கப் பாக்கிறீங்க. என் சாறு என்னன்னு ஒருத்தன் கேட்டானா? ரிப்பன் கட்டாம ஏறமாட்டேன்.”

தவமணி குனிந்து மெதுவாகக் கேட்டான்: “எந்தக் கலரு மாமா?”

“அப்பளக் கலரு.”

“பொரிச்ச அப்பளமா, பொரிக்காததா?”

ஒச்சப்பன் மிதந்தபடியே குடத்தின்மேல் தாடையை ஊன்றிக்கொண்டார். “எனக்கு வைக்காம விட்டீங்களே, அந்த அப்பளம்” என்றார்.

நாலு பேரும் கண்ணாடிக்காரரைத் தேடி டவுனுக்குக் கிளம்பினார்கள். தாங்கள் திரும்பி வருவதற்குள் வேறு எவனாவது வந்து இழுத்துவிட்டால் முறை கெட்டுப்போகும் என்றான் வீரணன். அதனால் கப்பியைக் கழற்றினார்கள். கயிற்றையும் கேட்டார்கள்.

ஒச்சப்பன் தம் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்.