மூடி போட்ட சட்டி

வானம் மூன்று வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆற்றங்கரைப் பட்டணம் ஒன்றில் பெருஞ்சாத்தன் என்றொரு வணிகன் இருந்தான், கேட்டுக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, அவன் களஞ்சியம் மட்டும் நிரம்பிக் கிடந்தது.

தினமும் அரிசி கொடுத்தான். சும்மா கொடுத்தானா? அதுதான் இல்லை! வருகிறவர்கள் காலிச் சட்டியை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். குனிந்து நிற்க வேண்டும். "பெருஞ்சாத்தன் போட்டான், நான் பிழைத்தேன்" என்று தெருவே கேட்கக் கத்த வேண்டும். தர்மம் தலை காக்கும் என்பார்கள்; இவன் தர்மம் தலையைக் குனிய வைத்தது. வயிறு கேட்குமா? ஜனங்கள் கத்தினார்கள்.

அந்த ஊரில் உலகாயி என்று ஒருத்தி, கயிறு திரித்துப் பிழைப்பவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். வீட்டில் அரிசி தீர்ந்த அன்று அவளும் சட்டியை எடுத்தாள். மூடி போட்டாள். களஞ்சிய வாசலில் போய் நிமிர்ந்து நின்றாள்.

"மூடியை எடு," என்றான் பெருஞ்சாத்தன். "வெறுஞ்சட்டிக்கு மூடி ஒரு கேடா?"

"வெறுஞ்சட்டி இல்லை ஐயா." திறந்து காட்டினாள். உள்ளே புதுக் கிணற்றுக் கயிறு. "அடுத்த வீட்டுக்கு வெறுஞ்சட்டி கொண்டுபோகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. இதை எடுத்துக்கொண்டு அரிசி போடுங்கள்."

"பிச்சைக்காரிக்குச் சீர்வரிசை வேறா!" கயிற்றைப் புழுதியில் வீசினான். அன்று குழந்தைகள் தண்ணீர் குடித்துப் படுத்தார்கள்.

மறுநாள் முருங்கைக்கீரை கொண்டுபோனாள். அதை மாட்டுக்குப் போட்டான். "ஒரு வார்த்தை கத்து, சட்டி நிறையப் போடுகிறேன்."

"பசி என்னுடையது. தொண்டையும் என்னுடையது. ஒன்றுக்காக இன்னொன்றை விற்க மாட்டேன்."

வீரமாகத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் சின்னவள் கேட்கிறாள்: "ஒரே ஒரு தடவை கத்தினால் என்னம்மா?"

பெற்றவள் அவளை வாரி அணைத்துக்கொண்டாள். அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "நாளைக்கு எல்லாரும் மூடி போட்ட சட்டியோடு வாருங்கள். இருக்கிறவளும் வா, இல்லாதவளும் வா."

மூன்றாம் நாள் தெரு நிறையச் சட்டி. எல்லாம் மூடிய சட்டி. ஒருவரும் குனியவில்லை, ஒருவரும் கத்தவில்லை.

பெருஞ்சாத்தன் விழித்தான். "இதில் இல்லாதவர் யார்?"

"தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றாள் உலகாயி. "முகம் பார்க்காமல் போடுங்கள்."

"முடியாது! கதவைப் பூட்டுவேன்!"

"பூட்டுங்கள். அரிசி உங்களுடையது. ஊர் எங்களுடையது."

நேரே ஊர்ச் சாவடிக்கு நடந்தாள். ஊரும் பின்னால் நடந்தது. சாவடிக்கு இரண்டு வாசல். ஒவ்வொருவராக மூடிய சட்டியோடு இந்த வாசலில் நுழைந்து, மூடிய சட்டியோடு அந்த வாசலில் வெளியே வந்தார்கள். உள்ளே குதிரும் கூடைகளும் இருந்தன. இருக்கிறவர்கள் அரிசியோ கேழ்வரகோ கீரையோ போட்டார்கள், இல்லாதவர்கள் எடுத்தார்கள். போட்டது யார், எடுத்தது யார்? சட்டிக்குத்தான் தெரியும். அன்று மத்தியானம் உலகாயி வீட்டுக் குழந்தைகள் யார் பேரையும் கத்தாமல் கஞ்சி குடித்தார்கள்.

பெருஞ்சாத்தன் மறுபடி கதவைத் திறந்துவைத்துக் கூப்பிட்டுப் பார்த்தான். ஈ காக்கை வரவில்லை. அவன் பேரைச் சொல்ல ஆளே இல்லை.

பிறகு ஒருநாள் அவனே மூடி போட்ட அண்டாவைச் சுமந்துகொண்டு சாவடிக்கு வந்தான். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். இந்த வாசலில் நுழைந்தான், அந்த வாசலில் போனான். கொட்டினானா, அள்ளினானா? நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அந்த ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

வாங்குகிறவர் தலை நிமிர்ந்து வாங்கும்படி கொடுப்பதே தானம், மற்றதெல்லாம் வியாபாரம்.