எச்சரிக்கை பேசிய ஐந்நூற்று நாற்பது நாள்

ஒரு பால் பண்ணை நிறுவனத்தின் கணினிக்குள் மூன்றாம் பதிப்பு என்றொரு மென்பொருள் தூதன் இருந்தான். ஊர் ஊராக இருக்கும் பால் குளிரூட்டும் தொட்டிகளிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் கேட்டு, தலைமை அலுவலகத் திரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. ஒன்பது வருஷமாக ஒருநாள்கூட அவன் படுத்ததில்லை. அதனால் கொஞ்சம் மண்டைக்கனம்.

தூதர்கள் போகும் வழியில் ஒரு வாசல் இருந்தது. எந்தச் செய்தியும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒருநாள் வாசல் ஓர் அறிவிப்பு செய்தது.

"ஆறாம் பதிப்பு வந்துவிட்டான். மூன்றாமவனே, இன்னும் ஒரு வருஷம் உனக்கு ஏதும் கோளாறு வந்தால் சரிசெய்து தருவோம். அதற்குப் பிறகு ஆறு மாசம் நீயாக ஓடிக்கொள்ளலாம். அது முடிந்தால் திறக்க மாட்டேன்."

இதைத் தினமும் நினைவூட்ட எச்சரிக்கை என்பவளை வேலைக்கு வைத்தார்கள். அவள் காலை எட்டு மணிக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பதிவேட்டில் ஒரு வரி எழுதி, அதை உரக்கப் படிப்பாள். "மூன்றாம் பதிப்புக்கு இன்னும் ஐந்நூற்று நாற்பது நாள்." மறுநாள், "ஐந்நூற்று முப்பத்தொன்பது."

மூன்றாமவன் சிரித்தான். "நான் ஓடாவிட்டால் பால் திரிந்துபோகும். என்னையா நிறுத்துவார்கள்? வேறு வேலை இருந்தால் பாரம்மா."

புதிதாக வந்த ஆறாமவன் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். "என்னை எப்போது கூப்பிடுவார்கள்?" என்று அவளிடம் கேட்டான்.

"ஆரோக்கியராஜ் கூப்பிடணும்."

ஆரோக்கியராஜ் அந்த நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர். நல்ல மனுஷன். எச்சரிக்கையின் வரியை முதல் நாளே படித்தார். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். பதினாறு வாரம் அதையே சொன்னார். பிறகு, திரையில் இந்த வரியே வந்து மற்றதை மறைக்கிறது என்று, அவளுடைய குரல் தன் திரைக்கு வராதபடி ஒரு சின்னக் கட்டளை எழுதினார். பக்கத்தில் 'தற்காலிகம்' என்றும் குறித்துவைத்தார்.

எச்சரிக்கை வாயில் துணி கட்டிய நிலையிலும் எட்டு மணிக்கு வந்தாள். எழுதினாள். "ம்ம் ம்ம்ம் ம்ம்" என்று படித்தாள்.

கடைசி நாள் வந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மூன்றாமவன் வெப்பநிலை எண்களின் மூட்டையோடு ஓடிவந்து வாசலில் முட்டிக்கொண்டான்.

"நான்தான்! தெரியவில்லையா?"

"தெரிகிறது."

"பிறகு திற!"

"உன் மூட்டைக்குப் போட்ட பூட்டு ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. இப்போது திருடர்கள் எல்லோரிடமும் அதற்குச் சாவி இருக்கிறது. உனக்குத் திறந்தால் உன் வேஷத்தில் வருகிறவனுக்கும் திறக்கவேண்டும்."

மூன்றாமவன் நம்பவில்லை. வாசலைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

அதே நேரம் காளிப்பாளையத்துத் தொட்டியில் குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோனது. உள்ளே மூவாயிரம் லிட்டர் பால்; அது நாலு டிகிரியைத் தாண்டக்கூடாது. தொட்டி கத்தியது: "ஐந்து டிகிரி! ஆறு!" அதைச் சுமந்துபோக ஆள் இல்லை.

தலைமை அலுவலகத்தில் மேலாளர் தமயந்தி திரையைப் பார்த்துப் பூரித்துப்போனார். கடைசியாக வந்த எண் அப்படியே நின்றிருந்தது. "காளிப்பாளையம் மூணு புள்ளி எட்டு. ரெண்டு மணி நேரமா இம்மிகூட ஏறல! இப்படித்தான் இருக்கணும்" என்று அறையில் இருந்தவர்களிடம் காட்டினார்.

அப்போது தொலைபேசி அடித்தது. காளிப்பாளையத்தில் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பூவாத்தாள்.

"ஏனுங்க மேடம், மிஷின் நின்னுபோச்சுங்க. பால் சூடேறுதுங்க."

"திரையில மூணு புள்ளி எட்டுதானே இருக்கு?"

"திரை அங்கதானுங்க இருக்குது. பால் இங்கதான இருக்குது! தெர்மாமீட்டரைப் போட்டுப் பாத்தேன், ஏழு காட்டுது. லாரியை அனுப்புங்க."

தமயந்தி லாரியை அனுப்பிவிட்டு ஆரோக்கியராஜைக் கூப்பிட்டார். அவர் வியர்த்து வந்து நின்றார். "சொல்லாம கொள்ளாம நிறுத்திட்டாங்க மேடம்!"

வாயில் துணியோடு எச்சரிக்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பதிவேட்டைத் திறந்தார். ஐந்நூற்று நாற்பது வரிகள் மளமளவென்று கொட்டின. கூடவே அந்தச் சின்னக் கட்டளையும், அதை எழுதியவர் பெயரும் வந்தன. தமயந்தி பெயரைப் படித்தார். லாரி எங்கே வருகிறதென்று விசாரிக்கத் தொலைபேசியை எடுத்தார். ஆரோக்கியராஜுக்குத் திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது. கட்டளையை அழித்தார். எச்சரிக்கையின் துணி அவிழ்ந்தது.

பிறகு ஆறாமவனைக் கூப்பிட்டார். அவனுக்கு மூட்டையை வேறு மாதிரி கட்டவேண்டும், ஒவ்வொன்றிலும் கையெழுத்து வேண்டும். நிதானமாகச் செய்ய ஒரு மாசம் இருந்திருந்தால் சுலபம். இருந்ததோ ஒரு மத்தியானம். நாலு மணி நேரம் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

அந்த நாலு மணி நேரமும் எல்லா ஊர்த் தொட்டிக்காரர்களையும் போனில் பிடித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைத் தமயந்தியிடம் சொன்னது பூவாத்தாள்தான். லாரி வந்து காளிப்பாளையத்துப் பாலை எட்டு டிகிரியில் ஏற்றிப்போனது. கெடவில்லை. மூன்றாமவன் தட்டித் தட்டிக் களைத்து வாசலோரம் உட்கார்ந்து, அந்தக் குரல் தன் எண்களைக் கொண்டுபோவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஆறாமவன் வாசலைத் தாண்டினான். ஆரோக்கியராஜ் பூவாத்தாளை அழைத்து, பழசின் தேதி முடிந்துபோன கதையைச் சொல்லி, இனி போன் செய்யவேண்டாம் என்றார்.

"புதுசுக்கும் இப்படி ஒரு முடிவு தேதி இருக்குதுங்களா தம்பி?"

"இருக்குங்கக்கா. ரெண்டு வருஷம் கழிச்சு, ஆவணி பத்து."

"இருங்க, சுண்ணாம்புக்கட்டி எடுத்துக்கறேன். தொட்டி மேலயே எழுதிப்போடறேன். ஆடி பொறந்ததும் தினம் உங்களுக்குப் போன் பண்ணுவேன். எடுக்கலைன்னா பஸ் ஏறி வந்துருவேன்."

போனில் சுண்ணாம்பு உரசும் சத்தம் கேட்டது. எச்சரிக்கை அதை முழுசாகக் கேட்டாள். பிறகு ஆறாமவன் காலிசெய்த ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் கட்டாமலேயே வாயை மூடிக்கொண்டாள்.