வாசல் பெருக்கிய பேய்

வைகாசித் தேய்பிறையில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிழக்கு வெளுக்கும் நேரம். ஆறுகால்பட்டணத்தின் நாற்சந்தியில் பதினேழு தண்டவாளங்கள் இடம் மாறிக் கிடந்தன. முதலில் கண்டவள் பூசணிக்காய் விற்கும் வடிவம்மை.

அந்தக் காலத்தில் அந்தப் பட்டணத்தைக் கொண்டல்ராயர் என்றொரு ராசா ஆண்டார். நினைத்தது நடக்காவிட்டால் சாப்பிட மாட்டார். நடந்துவிட்டால் மறுநாளே வேறொன்றை நினைப்பார். ஒற்றைக் குதிரை நாற்பது பேரைத் தண்டவாளத்தின் மேல் இழுத்துப் போகும் வண்டியைப் பற்றிக் கப்பல் வியாபாரி ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். "கோட்டை வாசலிலிருந்து சந்தை வரைக்கும் எனக்கு ஒன்று ஓட வேண்டும்" என்றார் ராசா.

மந்திரி தெய்வச்சிலையார் தெருத்தெருவாக நடந்தார். எங்கே மாட்டுவண்டிகள் முட்டிக்கொள்கின்றன, எங்கே தேர் திரும்புகிறது என்று பார்த்துப் பாதை குறித்தார். எல்லாத் தெருவும் வந்து கலக்கும் நாற்சந்தியில்தான் சிக்கல். தளவாய் குமாரசிங்கத்தின் மாளிகை முகப்பு அங்கே தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பாதை நேராகப் போனால் முகப்பு போகும். சந்தி வரைக்கும் தண்டவாளம் போட்டாயிற்று.

ஊரார் திருஷ்டி கழித்துப் போடுவதும் அந்தச் சந்தியில்தான். செவ்வாய்க்கிழமை மந்திரி போய்ப் பார்த்தபோது, விலகிய தண்டவாளத்துக்கு அடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன. சுற்றிலும் ஒரு காலடித்தடம்கூட இல்லை. காற்று நின்றுபோனது போலிருந்தது. சரிசெய்து வைத்தார்கள். புதன்கிழமையும் விலகியது. வியாழக்கிழமையும் விலகியது. வேலையாட்கள் பேய் என்று கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"பேய்க்கு என் வண்டிமேல் என்னய்யா கோபம்?" என்று ராசா கத்தினார்.

தளவாய் கைகட்டி நின்றார். "மகாராசா, ஊர் கழித்த திருஷ்டி எல்லாம் அங்கே கிடக்கிறது. அதன் தலைமேல் இரும்பை ஓட்டினால் சும்மா இருக்குமா? ஓர் உயிர் கேட்கிறது. முதலில் யார் கண்ணில் பட்டதோ, அவர் உயிர்."

"அது யார்?"

"பூசணிக்காய்க்காரி. கேட்க நாதியில்லை."

"நாளை அமாவாசைக்குக் கொடுத்துவிடு" என்றார் ராசா, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பது போல.

மந்திரி குறுக்கே வந்தார். "மகாராசா, பலி கொடுக்கும் முன் ஒரு மரியாதை உண்டு. உங்களுக்குத் திருஷ்டி கழித்துச் சந்தியில் போடுவோம். அதற்கும் அடங்காவிட்டால் அப்புறம் தளவாய் சொன்னபடி."

தனக்குத் திருஷ்டி என்றதும் ராசாவுக்கு மெத்த சந்தோஷம். "ஊர்க்கண் எல்லாம் என்மேல்தானே! ஒரு பூசணி போதாது ஓய்!"

வடிவம்மையின் கடையிலிருந்த காய்கள் அத்தனையும் வந்தன. பொழுது சாயும் நேரத்தில் தண்டவாளத்தைச் சரிசெய்து வைத்து, ராசாவைச் சுற்றி எடுத்து, குங்குமம் கரைத்து ஊற்றிச் சந்தியில் உடைத்தார்கள். நான்கு மூலைக்கும் துண்டு தெறித்தது. கடைகள் சாத்தினார்கள். நாய்கூட ஓரமாகப் போயிற்று. ஆள் ஒழிந்த சந்தியைத் திரும்பிப் பார்த்தபோது, எல்லாத் துண்டும் சிவப்பாகத் தன்னையே பார்ப்பதுபோல மந்திரிக்குத் தோன்றியது.

விடிந்தபோது தண்டவாளம் மறுபடியும் விலகியிருந்தது. கூட்டத்தோடு ராசா வந்தார். வடிவம்மையைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தார்கள். "என் பூசணியும் போச்சு, என் உயிருமா போகணும், சாமி?" என்று அவள் மந்திரியைக் கேட்டாள். அவர் தளவாய் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகா, என்ன கோலம்! யார் போட்டது, தளவாய்?" என்றார் மந்திரி.

தளவாய்க்கு மீசை மலர்ந்தது. "என் மகள். பட்டணத்தில் இப்படி ஒரு கை கிடையாது."

"எத்தனை மணிக்கு எழுந்திருப்பாளோ, பாவம்."

"கிழக்கு வெளுக்கும் முன்பே வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவாள். என் வீட்டில் ஒருநாள் தவறாது."

"ஒருநாளுமா? அந்தச் செவ்வாய்க்கிழமையும்?"

"செவ்வாய், வெள்ளி என்றால் பெரிய கோலமே உண்டு!"

மந்திரி ராசாவிடம் திரும்பினார். "கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள், மகாராசா. வடிவம்மை கிழக்கு வெளுக்கும்போது வந்தவள். முதலில் கண்டது தளவாய் மகள்."

தளவாயின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"மகாராசா... அவள்... அன்றைக்கு அவள் வெளியே வரவில்லை..."

"இன்றைக்கு?" என்றார் மந்திரி. "மூன்று மூலையில் துண்டு கிடக்கிறது. உம் வாசலிலிருந்து தண்டவாளம் வரைக்கும் ஒரு விதைகூட இல்லை. மிதித்தால் திருஷ்டி தங்களுக்கு வந்துவிடும் என்று ஒதுக்கித் தள்ளுவது உயிரோடு இருக்கிறவர்கள். திருஷ்டிக்குப் பயந்து, உம் வாசலை மட்டும் பெருக்கிக் கொடுத்த பேய்க்கு என்ன கூலி தளவாய்? மகளைக் கொடுக்கிறீரா, பேயைக் காட்டுகிறீரா?"

தளவாய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "என் ஆட்கள்தான் நகர்த்தினார்கள், மகாராசா! முகப்புக்கு ஆசைப்பட்டேன்!"

ராசா வயிறு குலுங்கச் சிரித்தார். "முகப்பை இடி! வண்டி ஓடும்போது ஒவ்வொரு சந்தியிலும் இவன் முன்னால் மணியடித்துக்கொண்டு நடக்கட்டும்!" தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். வடிவம்மை கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். பூசணி கட்ட உதவும் என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு தளவாய் மந்திரியின் பக்கத்தில் வந்தார்.

"புதன், வியாழன், நேற்றிரவு. மூன்று தடவை நான், மந்திரி. செவ்வாய்க்கிழமை நான் இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனையே வந்தது."

மந்திரிக்கு நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் ஞாபகம் வந்தன. ராசாவிடம் அவர் அதைச் சொல்லவில்லை. வண்டி ஓடியது. ஊர் ஏறியது.

மறு வருடம் ஆடி அமாவாசையன்று விடிந்தபோது, நாற்சந்தியில் பதினேழு தண்டவாளங்கள் இடம் மாறிக் கிடந்தன. எலுமிச்சம்பழங்கள் அடியில் நசுங்கியிருந்தன. தளவாய் அப்போது காசி யாத்திரையில் இருந்தார். முதலில் கண்டவர் மந்திரி தெய்வச்சிலையார்.