சிகாமணியும் சுக்கும் விடுமுறை போன கதை

அந்த மடத்துக்குக் கதவு கிடையாது. மூன்று பக்கம் உப்பங்கழித் தண்ணீர், நான்காவது பக்கம் முழங்கால் சேறு. திருடன் வந்தால்கூடக் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். அப்படியிருந்தும் சிகாமணி படுத்த பிறகு எழுந்துபோய், பூட்டினோமா என்று பார்த்துவிட்டு வருவார்.

டவுனில் பூட்டுக் கடை வைத்திருந்தவர் அவர். வயதான பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு மடத்தில் வந்து சேர்ந்தார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். பெயர் மௌனசாமி. அந்தக் கழி முழுக்கத் தேடினாலும் அவரைவிட அதிகம் பேசுகிற ஆள் கிடைக்கமாட்டார். அவர் வாயைத் திறந்தால் நீர்க்காகங்கள் அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

மாசி முடிந்து பங்குனி பிறந்த சமயம். பனி விட்டிருந்தது, வெயில் இன்னும் தொடங்கவில்லை. புங்கமரம் எண்ணெய் தடவியதுபோலத் துளிர்த்திருந்தது. மௌனசாமி சிகாமணியைக் கூப்பிட்டார்.

"வர்ற மாசம் நான் யாத்திரை போறேன். மடத்தை நீர் பார்த்துக்கொள்ளும்."



"வேண்டாம் சாமி."

"ஏன்?"

"எனக்கு என் மேல நம்பிக்கை இல்லை. பிறந்ததிலேருந்து என்கூடவே இருக்கேன், எனக்கே வரல. நீங்க எதை வச்சு நம்புறீங்க?"

"நல்ல கேள்வி," என்றார் மௌனசாமி. "விடுமுறை எடுத்துக்கிட்டுப் போய்ட்டு வாரும்."

"எனக்கு எதுக்கு சாமி விடுமுறை?"

"உமக்கு இல்லைய்யா. எங்களுக்கு."

கரையில் கிடந்த சின்னப் படகைக் காட்டினார்.

"உள்கழியில தனியா ஒரு வாரம் சுத்திட்டு வாரும். சுக்கையும் கூட்டிட்டுப் போம்."

சுக்கு மௌனசாமியின் நாய். நிறத்தால் வந்த பெயர். அவர் பேசி முடிக்கும்வரை கண்ணை மூடாமல் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான். அவருக்கு அதன்மேல் உயிர்.

"சாமி, அதுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆகாம கொண்டாரும்."

"எனக்கு நீந்தத் தெரியாதே."

"அதுக்குத் தெரியும். ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்." பிறகு சொன்னார்: "ஒண்ணு மட்டும் கேளும். இங்க தண்ணி கடலோட ஏறும், கடலோட இறங்கும். படகைக் கட்டினா கயிறைத் தாராளமா விட்டுக் கட்டும்."

"தாராளமா விட்டா போயிடாதா சாமி?"

மௌனசாமி அன்று முதல்முறையாகப் பெயருக்கேற்ப நடந்துகொண்டார்.

சிகாமணி புறப்பட்டார். ஒரு துடுப்பு போதும் என்ற இடத்துக்கு மூன்று எடுத்துக்கொண்டார். குடை எடுத்தார், அந்தக் குடை கிழிந்தால் என்று இன்னொன்று எடுத்தார். கத்தியை மட்டும் எடுக்கவில்லை. நாயும் கத்தியும் ஒரே படகில் இருப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. சுக்கின் கழுத்தில் தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கிட்டத்திலேயே படகின் விளிம்பில் கட்டினார். முடிச்சின் மேல் முடிச்சு. பூட்டுக் கடைக்காரர் போட்ட முடிச்சு, சாவிதான் கிடையாது.

உள்கழியில் எத்தனை கால்வாய் என்று எண்ணிப் பார்க்கப் போனவர்கள் உண்டு. எண்ணியவர்கள் திரும்பவில்லை. திரும்பியவர்கள் எண்ணவில்லை. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் வேரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, புடவை நனையாமல் ஆற்றைக் கடக்கிற பெண்களைப்போல நின்றன. ஊருக்குத் திரும்ப மனமில்லாத பூநாரைகள் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. கொசுக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கொசு ஒரு கொக்கைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சிகாமணி இதில் எதையும் பார்க்கவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுக்கு தும்மியது. தும்மலா, இருமலா என்று யோசித்தார். சுக்கு வாலை ஆட்டியது. ஏன் ஆட்டுகிறது, எதைப் பார்த்தது என்று மரங்களுக்குள் தேடினார். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்தார். எது தில்லை மரம் என்று தெரியாததால், எல்லா மரத்தடியிலும் துண்டை எடுத்து நாயின் கண்ணைக் கட்டினார். துண்டுக்குள்ளிருந்து நாய் பெருமூச்சு விட்டது.

ஒரு திருப்பத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் கன்னியம்மா நின்றாள். அவள் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போட ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். படகைப் பார்த்ததும் கூடையை வாயிலிருந்து எடுத்தாள்.

"எங்க போறீங்க ஐயா?"

"எங்கயும் இல்லம்மா. விடுமுறை."

"விடுமுறையா? மூஞ்சியப் பார்த்தா எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு."

"நாய் கூட இருக்குல்ல. அதான்."

"ஏன், நாய்க்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் என்ன?"

"இதுவரைக்கும் ஒண்ணுமில்லையேன்னுதான் பயமா இருக்கு."

கன்னியம்மா கண்கட்டியிருந்த நாயைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பாவம்," என்றாள். யாரை என்று சொல்லவில்லை. கூடையைத் திரும்பக் கடித்துக்கொண்டாள்.

அன்று இரவு சிகாமணி தூங்கவில்லை. நாய் மூச்சு விடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. நாயும் தூங்கவில்லை. மூக்கடியில் கை வைத்துக்கொண்டிருந்தால் யார்தான் தூங்குவார்கள்?

மறுநாள் உச்சிவேளைக்குள் அவருக்குக் கண்ணைச் சுழற்றியது. தண்ணீர் நன்றாக ஏறி, மரத்தின் வேர் முட்டுகளைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு சின்னக் கால்வாய்க்குள் திருப்பினார். நிழல் இருந்தது. படகைக் கட்டினார்.

கயிறைக் கையில் பிடித்துக்கொண்டு குரு சொன்னதை நினைத்துப் பார்த்தார். தாராளமாக விடுவதா? படகு ஆடும். ஆடினால் கயிறு அறுந்துவிடும். அறுந்தால் போய்விடும். நாயோடு போய்விடும். படகின் ஒரு பக்க விளிம்பை முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் வேரோடு சேர்த்து இறுக்கினார். படகுக்கும் மரத்துக்கும் நடுவே விரல் நுழையாது. சுக்கின் கயிறும் அதே விளிம்பில்தான் இருந்தது. எல்லா முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. கழிக்கு வந்தபிறகு முதல்முறையாக நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

கடல் தண்ணீரைத் திருப்பிக் கேட்டது. கழி கொடுக்கத் தொடங்கியது.

அவர் விழித்தது சேற்றுத் தண்ணீரில் விழுந்தபோது. வாய்க்குள்ளே சேறு. எழுந்து பார்த்தார். மரத்தோடு கட்டிய விளிம்பு கட்டிய உயரத்திலேயே இருந்தது. மறுபக்கம் தண்ணீரோடு கீழே இறங்கிவிட்டிருந்தது. படகு, ஆணியில் மாட்டிய முறம்போலச் செங்குத்தாகத் தொங்கியது. துடுப்பும் குடையும் அரிசியும் தண்ணீரில்.

நாய் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

எப்படி அந்த இடத்துக்குப் போனார் என்று அவரால் பிறகு சொல்ல முடியவில்லை. சேறு தொடைவரை இழுத்தது. ஒரு கையை நாயின் வயிற்றுக்கடியிலும் ஒரு கையைப் பின்னங்கால்களுக்கடியிலும் கொடுத்துத் தூக்கினார். கயிறு தொய்ந்தது. சுக்கு இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

முடிச்சை அவிழ்க்க ஒரு கையை எடுத்தார். நார்க்கயிறு நனைந்து ஊறி, முடிச்சு கல்லாகியிருந்தது. மற்றக் கை நழுவியது. கயிறு இறுகியது. நாயின் நாக்கு வெளியே வந்தது. அவசரமாகக் கையைத் திரும்பக் கொடுத்தார். மேல் முனையோ எட்டாத உயரத்தில் இருந்தது.

"யாராவது வாங்களேன்!" என்று கத்தினார்.

நாய் மிரண்டு துள்ளியது. கயிறு இறுகியது.

அதற்குப் பிறகு அவர் கத்தவில்லை.

நின்றார். தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. கால்கள் சேற்றுக்குள் இன்னும் கொஞ்சம் போயின.  நாயின் நெஞ்சைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அதன் மூச்சு காதில் அடித்தது. கழுத்து முடிச்சு மறுபக்கத்தில் இருந்தது, பல்லுக்கு எட்டவில்லை. நண்டுகள் வளையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, தங்கள் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தன.

கால்வாய் வாய்ப்புறத்தில் ஏதோ அசைந்தது. கன்னியம்மா. கூடையைக் கடித்துக்கொண்டு, வற்றிய தண்ணீரில் வீட்டுப் பக்கம் நடந்துபோனாள். ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்.

சிகாமணி வாயைத் திறந்தார். தோளில் நாயின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வாயை மூடிக்கொண்டார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போய்விட்டாள்.

"பரவால்ல," என்று நாயின் காதில் மெல்லச் சொன்னார். "பரவால்லடா. ராத்திரிக்கு மடத்துல ரசம் வைப்பாங்க. உனக்குக் கருவாடு போடச் சொல்றேன். சாமிக்குத் தெரியாம போடச் சொல்றேன்."

கருவாட்டுக்கு அப்புறம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் கடையில் விற்ற பூட்டுகளின் பெயரை எல்லாம் வரிசையாகச் சொன்னார். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு, எண் பூட்டு. சுக்கு கவனமாகக் கேட்டது. அதற்குத்தான் கேட்டுப் பழக்கமாயிற்றே.

அந்த வற்றம் மூன்று நாள் நீடித்தது என்று சிகாமணி இன்றைக்கும் சத்தியம் செய்வார். மடத்தில் மாலைக் காப்பிக்குத் தண்ணீர் வைத்து, ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவுவதற்குள் கடல் திரும்பிவிட்டது. இரண்டு கணக்கும் சரிதான்.

தொடையில் குளிர்ந்தது.  தண்ணீர் வந்தால் படகு நிமிரும் என்று புரிந்தது. கால் புதைந்திருக்கிறது என்பதும் புரிந்தது. காலை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. நாயை இன்னும் உயரத் தூக்கினார். தண்ணீர் அவர் மோவாயைத் தொட்டபோது படகின் கீழ்விளிம்பு கிறீச்சென்று மேலே வந்தது. நாயை அதற்குள் உருட்டிவிட்டு, விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஏறுகிற படகு அவரைச் சேற்றிலிருந்து முள்ளங்கி பிடுங்குவதுபோலப் பிடுங்கி எடுத்தது.

நாயின் கழுத்து முடிச்சையும், பிறகு படகின் முடிச்சுகளையும் பல்லால் கடித்து எடுத்தார். முடிச்சோடு ஒரு பல்லும் வந்தது.

மறுநாள் காலையில் படகு மடத்துக்கு வந்தது. துடுப்பில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதை ஒரு கையால் போட்டுக்கொண்டு, மறுகையை நாயின் முதுகில் வைத்துக்கொண்டே வந்தார். படித்துறையில் நின்ற சமையற்காரர், "அதுக்குள்ளயா? ஒரு வாரம்னாங்களே," என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மௌனசாமி இறங்கி வந்தார். சுக்கு அவர்மேல் பாய்ந்தது. கழுத்தில் முடி தேய்ந்து சிவந்திருந்ததை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"மடத்தை என்கிட்ட குடுக்காதீங்க சாமி," என்றார் சிகாமணி. "உங்க நாயைக் கொல்லப் பார்த்தேன்."

எல்லாவற்றையும் சொன்னார். முடிச்சை, தூக்கத்தை, கன்னியம்மா போனதை. மௌனசாமி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கை எப்படி இருக்கு?" என்றார்.

"தூக்க முடியல சாமி."

"நடுவுல கொஞ்சம் இறக்கியிருக்கலாமே?"

"இறக்கினா இறுகுதே சாமி."

"ஆமா, இறுகும்."

"நான் என்ன பண்ணேன்? இறுக்கிக் கட்டினது நான். தூங்கினது நான். தண்ணிதான் வந்து காப்பாத்துச்சு." சிகாமணி கழியைப் பார்த்தார். "ராத்திரி பூரா இதேதான் ஓடுது சாமி. வந்துச்சு, சரி. அந்தத் தண்ணி வராமலே போயிருந்தா?"

மௌனசாமி நாயின் காதைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"இன்னும் அங்கேயே நின்னுட்டு இருப்பீர்."